கப்பல் கரயுன்னு

முப்பது வருஷமாக நான் செய்யும் வேலை பேசுவது. பேசியதைப் பிறகு அழித்துவிடுவார்கள். அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம்.

திருவனந்தபுரத்தில் எடுக்கும் தொலைக்காட்சித் தொடர்களில் நடிகர்கள் வசனத்தை மனப்பாடம் செய்வதில்லை. காலையிலிருந்து சாயங்காலத்துக்குள் அத்தனை காட்சி எடுத்தாக வேண்டும், யாரால்தான் முடியும்? அதனால் கேமராவுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு ஒருவனை உட்கார வைப்பார்கள். அவன் வசனத்தை வரிவரியாகச் சத்தமாக எடுத்துக் கொடுப்பான், நடிகர் அதைக் கேட்டுத் திருப்பிச் சொல்வார். அவனுக்குப் பெயர் பிராம்ப்டர். அப்புறம் டப்பிங் தியேட்டரில் வேறு ஆட்கள் வந்து நல்ல குரலில் பேசிச் சேர்ப்பார்கள். என் குரல் குப்பைக்குப் போகும். இப்படி நான் எத்தனையோ மாமியாராக இருந்து மருமகளைத் திட்டியிருக்கிறேன், மருமகளாகவும் இருந்து அழுதிருக்கிறேன். ஒரு வார்த்தைகூட மிச்சம் இல்லை.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. எனக்கு மலையாளம் சரளமாகப் பேச வரும், படிக்கத் தடுமாறும். இதே ஊரில் வலியசாலைத் தெருவில் பிறந்து தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான். வாசற்படிக்கு உள்ளே தமிழ், வெளியே மலையாளம் என்று வளர்ந்ததில் அந்த பாஷை காதுக்கும் வாய்க்கும் வந்தது, கண்ணுக்கு வரவில்லை. பஸ் போர்டு படிப்பேன். ஓடுகிற கேமராவுக்கு முன்னால் பக்கம் பக்கமாகப் படிப்பது நடக்காத காரியம். அதனால் தினமும் காலையில் உதவி இயக்குநர் வசனத்தை வாசிக்க, நான் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வேன். அதிலும் முழுசாக எழுத நேரம் இருக்காது. மலையாளத்தில் பாதிச் சொல் 'ன்னு' என்றுதான் முடியும், வருன்னு, போகுன்னு, பறயுன்னு என்று. நான் சொல்லின் முன்பாதியை எழுதி, ஒரு கோடு இழுத்து, 'ன்னு' என்று முடித்துவிடுவேன். நடுவில் உள்ளதை வாய் பார்த்துக்கொள்ளும். முப்பது வருஷம் பார்த்துக்கொண்டது.

எனக்கு ஒரே பெண். அவளுக்கு ஏழு வயதிருக்கும்போது என் தொடர் ஒன்றை வீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இதுல எதுப்பா நீ?" என்று கேட்டாள். நான் இதில் இல்லை, என் குரல்கூட இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். "அப்போ நீ பொய்தானே சொல்றே, வேலைக்குப் போறேன்னு" என்றாள். சிரித்துவிட்டு விட்டேன். அடுத்த வருஷம் அவள் அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டாள். என் மனைவியை நான் குறை சொல்லமாட்டேன். பகல் முழுவதும் பன்னிரண்டு பேருக்காகப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால் எனக்கு வாயைத் திறக்கவே பிடிக்காது. சாப்பாடு போட்டால் சாப்பிடுவேன், கேட்டால் தலையை ஆட்டுவேன். "ஊருக்கெல்லாம் பேசறேள், எனக்குன்னு ஒரு வார்த்தை கிடையாது" என்று அவள் சொன்னாள். அதற்கும் தலையைத்தான் ஆட்டினேன். குழந்தை என் குரலை அதிகம் கேட்டிருக்க வாய்ப்பில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் அந்தக் குழந்தை வேலை கிடைத்து ஊர் ஓரத்துக் கழக்கூட்டத்துக்கு வந்தது. மென்பொருள் ஆபீஸ், ஹாஸ்டல் வாசம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வலியசாலைக்கு வந்து என்னோடு சாப்பிட்டுவிட்டுப் போவாள். சண்டை, கோபம் எதுவும் கிடையாது. இருந்திருந்தால் தேவலை. போகும்போது 'நீ' என்று கூப்பிட்டவள் திரும்பி வந்தபோது 'நீங்க' என்றாள், அவ்வளவுதான். மோர்க்குழம்பும் சேனை மெழுக்குவரட்டியும் பண்ணி வைப்பேன். "வெள்ளம் வேணுமோ?" என்று கேட்டால், "தண்ணின்னு சொல்லுங்கப்பா, பயமா இருக்கு" என்பாள். அந்த ஒரு வேடிக்கையை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஒரு மத்தியானத்தை ஓட்டுவோம். மூன்று மணிக்கு அவள் செருப்பைத் தேடுவாள். அவள் போனபிறகு வீடு அவள் வருவதற்கு முன் இருந்ததைவிடக் காலியாக இருக்கும்.

அந்தக் காலத்தில் எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. என் குரல் ஒரு தடவையாவது அழியாமல் டிவியில் வரவேண்டும், அதை அவள் கேட்டு, யாரும் சொல்லாமல், இது என் அப்பா என்று தானாகக் கண்டுபிடிக்க வேண்டும். வயசான காலத்தில் இப்படி ஒரு ஆசை என்று நீங்கள் சிரிக்கலாம். நானும் சிரித்துப் பார்த்தேன், போகவில்லை.

அப்போது வந்ததுதான் கப்பல் தொடர். ஒரு பணக்காரக் குடும்பம் கல்யாணம் பண்ணக் கப்பலில் ஏறுகிறது, ஏறியபின் இறங்குவதே இல்லை. இதுவரை யாரும் செய்யாதது என்று பூஜை அன்று எல்லோரும் மார்தட்டினார்கள். கழக்கூட்டம் தாண்டி, பைபாஸ் ஓரத்தில் மூடிக்கிடந்த ஒரு டைல்ஸ் கிடங்குக்குள் ஒட்டுப்பலகையில் கப்பலைக் கட்டினார்கள். கடலுக்கு ஒரு பச்சைத் துணி, காற்றுக்கு இரண்டு பெடஸ்டல் ஃபேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு பறவை எப்போதும் இடமிருந்து வலமாகப் பறக்கும், திரும்பி வந்ததைப் பார்த்தவர் கிடையாது. கப்பல் ஆடுவதைக் காட்ட கேமராவையே பலகையில் வைத்து ஆட்டினார்கள். வீடுகளில் பெரியவர்களுக்குத் தலை சுற்றியதாம். 'இதைப் பார்ப்பதற்கு முன் சாப்பிட வேண்டாம்' என்று ஒருவர் எழுதியிருந்ததை எங்கள் இயக்குநரே சத்தமாகப் படித்துக் காட்டினார்.

ஜனங்கள் சொன்னதில் தப்பில்லை. நடுக்கடலிலும் மாமியார் பாயசத்தில் எதையோ கலந்தாள். மருமகள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். இந்த அடுக்களைச் சண்டைக்குக் கப்பல் எதற்கு என்று யாருக்கும் புரியவில்லை, வாசித்த எனக்கும் புரியவில்லை. ஏழரை மணித் தொடரை ஆறு மணிக்குத் தள்ளினார்கள், அப்புறம் மத்தியானம் இரண்டு மணிக்கு. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை.

கப்பல் மூழ்கப்போகிறது என்று தெரிந்ததும் முதலில் குதித்தவர் கேப்டன்தான். கேப்டனாக நடித்தவர் வேறு தொடருக்குப் போய்விட்டார். இயக்குநர் தாடையைச் சொறிந்துகொண்டு ஒரு வழி கண்டுபிடித்தார். கேப்டன் இனிமேல் தன் அறையை விட்டு வெளியே வரமாட்டார், ஒலிபெருக்கியில் குரல் மட்டும் வரும். டப்பிங் ஆட்களையும் குறைத்திருந்த நேரம் அது. இயக்குநர் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணன்றெ சப்தம் மதி. ஸ்பீக்கர் எஃபக்ட் இட்டால் ஆரறியான்?"

உங்கள் குரலே போதும், யாருக்குத் தெரியப்போகிறது என்று அர்த்தம். அவர் அதை மரியாதையாகச் சொல்லவில்லை, ஆனாலும் நான் உடனே சரி என்றேன். "யாத்திரிகர் ஷ்ரத்திக்குக" என்று தொடங்கும் ஒரு அறிவிப்பை, பயணிகள் கவனிக்கவும் என்பதை, நான் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்று சொன்னேன். உட்கார்ந்தே சொல்லலாமே என்று ஒலிப்பதிவுக்காரர் கேட்டார். கேப்டன் நின்றுதான் பேசுவார் என்றேன்.

அது ஒளிபரப்பான மத்தியானம் எங்களுக்குப் படப்பிடிப்பு இல்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். மூன்றாவது விளம்பர இடைவேளைக்குப் பிறகு வந்தது. குழாய்க்குள் இருந்து பேசுவதுபோல் இருந்தது, ஆனால் நான்தான். முப்பது வருஷத்தில் முதல் தடவை. சந்தோஷத்தில் சோபாவின் அந்தப் பக்கம் திரும்பி, "கேட்டியா?" என்று சொல்லிவிட்டேன். அங்கே இஸ்திரி போட்டு வந்த துணி அடுக்கு இருந்தது. அன்றைக்கு எனக்கு உண்டான தனிமையை நான் அதுவரை அறிந்ததில்லை. துக்கத்தைத் தனியாகச் சமாளித்துவிடலாம், பழக்கம் இருக்கிறது.

அந்த ஞாயிறு மகள் வந்தாள்.

"நம்ம கப்பல் சீரியல் பாக்கறியோ?"

"ஹாஸ்டல்ல டிவி இல்லப்பா. ஆப்ல வேணா பாக்கறேன்."

"பாரு. அதுல ஒனக்கு ஒரு சங்கதி இருக்கு கேட்டியா."

"என்ன சங்கதி?"

"நீயே கண்டுபிடி."

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் வாழ்நாள் முழுவதும் ஊருக்கெல்லாம் வார்த்தையை எடுத்துக் கொடுத்தவன், இந்த ஒன்றையும் எடுத்துக் கொடுத்தால் அவள் சொல்வதற்கு என்ன மதிப்பு? இவளுக்கு மட்டும் பிராம்ப்ட் பண்ணுவதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன்.

கிடங்கிலிருந்து அவள் ஆபீஸ் பக்கம்தான். ஒருநாள் ஆறு மணிக்கு பேக்அப் ஆனதும் போன் செய்தேன். "இங்கதான் இருக்கேன், ஒரு சாயா குடிக்கலாமா?" என்றேன். "இப்போ ஆபீஸ் கால் இருக்குப்பா, அடுத்த தடவை முன்னாடியே சொல்லுங்க" என்றாள். நியாயம்தான். ஹைவேயில் லாரிகளும் பஸ்களும் இரைச்சலாகப் போய்க்கொண்டிருந்தன. தென்காசிப் பக்கத்து ஆட்கள் பரோட்டா அடிக்கும் ஒரு கடையில் தனியாகச் சாயா குடித்தேன். கல்லுக்கு முன்னால் நின்றவர் "அண்ணாச்சி, பரோட்டா போடட்டா?" என்று தமிழில் கேட்டார். அன்றைக்கு என்னிடம் யாராவது எதையாவது கேட்டது அதுதான். பசியில்லாமலே இரண்டு சாப்பிட்டேன்.

அடுத்த மாதம் வந்தபோது அவளே, "பாத்தேன்பா, நல்லா இருந்துது" என்றாள்.

"எது நன்னா இருந்தது?"

கொஞ்சம் யோசித்து, "கப்பல்" என்றாள்.

நான் மேலே கேட்கவில்லை. பொய் சொல்வதில் அவள் என்னைப்போல, உடனே காது சிவந்துவிடும்.

அந்த மழைக்காலத்தில்தான் அந்தத் தப்பு நடந்தது. புயல் காட்சி. கிடங்கின் தகரக் கூரையில் நிஜ மழையும் கொட்டிக்கொண்டிருந்தது. கேப்டன் சொல்ல வேண்டியது, "கப்பல் கரய்க்கடுக்குன்னு. ஆரும் பேடிக்கண்ட" என்பது. கப்பல் கரையை நெருங்குகிறது, யாரும் பயப்பட வேண்டாம். என் தாளில் வழக்கம்போல 'கப்பல் கரை', ஒரு கோடு, 'ன்னு' என்று இருந்தது. அன்று காலை மகள் இந்த மாதம் வர முடியாது என்று மெசேஜ் போட்டிருந்தாள். பழியை அவள்மேல் போடவில்லை. மனசு அன்றைக்கு என்னிடத்தில் இல்லை என்று மட்டும் சொல்கிறேன். கோட்டை வாய் பார்த்துக்கொள்ளவில்லை. கம்பீரமாக நின்று,

"கப்பல் கரயுன்னு. ஆரும் பேடிக்கண்ட" என்று சொல்லிவிட்டேன்.

மலையாளத்தில் கரை என்றால் நமக்குப்போலவே கரைதான். ஆனால் கரயுன்னு என்றால் அழுகிறது. கப்பல் அழுகிறது, யாரும் பயப்படாதீர்கள் என்று இடிக்கும் மின்னலுக்கும் நடுவில் கேப்டன் அறிவித்துவிட்டார். மலையாளி யாருக்கும் இந்தத் தப்பு வராது. தமிழ் எழுத்தில் மலையாளத்தைப் பிடித்துவைக்கப் பார்த்த என்னைப்போன்ற ஆளுக்குத்தான் வரும். மழைச் சத்தத்தில் தளத்தில் யாரும் கவனிக்கவில்லை. எடிட்டர் கவனித்திருக்கிறார். மாற்றட்டுமா என்று கேட்டதற்கு இயக்குநர், "ஆரு கேள்க்கான்?" என்றாராம். யார் கேட்கப்போகிறார்கள்.

ஊரே கேட்டது. இணையத்தில் கேலிப் பக்கம் நடத்தும் பிள்ளைகளுக்கு வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்தாற்போல ஆயிற்று. மழையில் நின்றுபோன பஸ்ஸைக் காட்டி அதன்மேல் என் குரலை ஒட்டினார்கள். தாலி கட்டும் நேரத்தில் விம்மிய மாப்பிள்ளைமேல் ஒட்டினார்கள். பரீட்சைத் தாளைத் திருப்பிப் பார்க்கும் மாணவன்மேல், ஒழுகும் கூரைமேல், எதன்மேல் ஒட்டினாலும் பொருந்தியது. சாலை பஜார் பக்கத்தில் முடி வெட்டப் போயிருந்தேன். பக்கத்து நாற்காலிக்காரரின் போனிலிருந்து நான் அறிவித்தேன். கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். கத்தரியை நிறுத்திவிட்டு என் தலைக்குப் பின்னால் நின்றவரும் சிரித்தார். கழுத்தில் துணியோடு நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய?

வேலை போய்விடும் என்று நினைத்தேன். இயக்குநர் கோபிக்கவில்லை. "அண்ணா, இத்ரயும் மாசத்தில் நம்மளெ ஆளுகள் கேட்டது இப்போழாணு" என்றார். இத்தனை மாசத்தில் நம்மை ஜனங்கள் கேட்டது இப்போதுதானாம். ஆனாலும் தொடர் தப்பவில்லை. இரண்டு வாரத்தில் கப்பலைக் கரைக்குக் கொண்டுவந்து, விஷம் வைத்தவளும் குடித்தவளும் கட்டிப்பிடித்து, எல்லோரும் ஒரே நாளில் இறங்கினார்கள். மறுநாள் பலகைகளைக் கழற்றினார்கள்.

எனக்கு வெட்கம் இருந்தது உண்மை. அதைவிடப் பெரிதாக நம்பிக்கை இருந்தது. தெருவெல்லாம் கேட்டதை அவள் கேட்காமல் இருப்பாளா? கேட்டால் தெரியாமல் போகுமா? போனைக் குளியலறை ஜன்னலில் வைத்துக்கொண்டு குளித்தேன். பால்காரர், காஸ் புக்கிங், கடன் வேண்டுமா என்று கேட்கும் பெண் என்று ஒவ்வொரு மணியும் வேறு யாருடையதாகவோ இருந்தது. அவள் போன் செய்தால் என்ன சொல்வாள், நான் என்ன சொல்வேன் என்று இரண்டு பேர் வசனத்தையும் நானே மனசுக்குள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் போன் செய்யவில்லை.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே சிரித்துக்கொண்டுதான் வந்தாள். அவள் அப்படிச் சிரித்துக்கொண்டு என் வீட்டுக்குள் வந்ததில்லை.

"அப்பா, 'கப்பல் கரயுன்னு' உங்க சீரியல்தானே? ஆபீஸ் பூரா இதான் ஓடுது. எங்கப்பா வேலை பாத்த சீரியல்னு சொன்னேன், டீம்ல ஒரே கைதட்டல்."

"அப்படியா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஆனா எனக்கு ஜோக் பாதிதான் புரியுது. எல்லாரும் சிரிக்கறாங்கன்னு நானும் சிரிச்சுட்டேன். கரயுன்னுன்னா என்னப்பா?"

இலையைப் போட்டு, சாதம் வைத்து, கரைக்கும் கரயுன்னுக்கும் உள்ள வித்தியாசத்தை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். எழுதும்போது விட்ட கோடுதான் காரணமாக இருக்கும் என்றும் சொன்னேன், யாரோ ஒருவனைப்பற்றிச் சொல்வதுபோல. புரிந்ததும் அவளுக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்து, புறங்கையால் துடைத்துக்கொண்டாள். அவள் இவ்வளவு நேரம் என்னோடு பேசியதே இல்லை.

"யாருப்பா அந்த ஆளு? உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே."

இதோ கேட்டுவிட்டாள். ஒரு வார்த்தை போதும். மோர்க்குழம்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் முகத்தையே பார்த்தேன். அதில் ஒரு சந்தேகம், ஒரு சின்ன நிழல் இருக்கிறதா என்று தேடினேன். சோறு பிசைந்துகொண்டு பதிலுக்குக் காத்திருந்தாள், அவ்வளவுதான்.

"பழைய ஆளு. ரொம்ப வருஷமா இருக்கான்" என்றேன்.

"பாவம். ஆனா செம வாய்ஸ் இல்ல? உங்களுக்குத்தான் மலையாளம் நல்லா வருமே, நீங்க ஒரு தடவை சொல்லுங்க பாப்போம்."

கரண்டியைக் கீழே வைத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன். நிமிர்ந்து நின்று, எனக்குத் தெரிந்த மட்டும், உயிரைக் கொடுத்துச் சொன்னேன். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். நான் சொல்லி வேறு எதையும் அவள் அத்தனை கவனமாகக் கேட்டதில்லை.

"இல்லப்பா" என்றாள். "அவன மாதிரி வரல."

இடது கையால் போனை எடுத்து, நான் கற்றுக்கொள்வதற்காக, ஒரு தடவை போட்டுக் காட்டினாள். மறுபடி சொன்னேன். உதட்டைப் பிதுக்கினாள். இன்னொரு தடவை போட்டுக் காட்டினாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் அவள் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை, இன்னும் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவையும் சொன்னேன்.

"பரவால்ல, கிட்ட வந்துட்டீங்க" என்றாள்.